திட்டம் தயார், சப்-ஏஜென்ட்டுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

#1 · நெய்தல்

வணக்கம் நண்பர்களே. ஓர் அறக்கட்டளை நூலகத்தின் புத்தகப் பட்டியலை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இணையத்துக்குக் கொண்டுவருகிறோம். பழைய பதிவுகள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கின்றன. பின்னால் சேர்த்தவை இன்று எங்கும் வழங்கும் யூனிகோடில், எக்செல் கோப்புகளில். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். தேடலும் அகரவரிசையும் ஒழுங்காக வரவேண்டும். ஜாங்கோ (பைத்தான் வலைச் சட்டகம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) கொண்டு செய்கிறோம்.

திட்டக் கோப்பில் ஆறு வேலைகள் உள்ளன: திஸ்கியை யூனிகோடாக்கும் ‘மாற்றி’, தரவு மாதிரி, இறக்குமதி, தேடல், அகரவரிசைப் பட்டியல், நிர்வாகப் பக்கம். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் நிரல் எழுதும் ஏஐ கருவியான குளோட் கோடில் முதன்மை ஏஜென்ட்டை மேஸ்திரியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு சப்-ஏஜென்ட்டிடம் (அதன் கீழ் வேலை செய்யும் துணை ஏஜென்ட்) கொடுக்கலாம் என்பது யோசனை.

முன்னோட்டமாக மாற்றியையும் தேடலையும் ஒரே நேரத்தில் இரண்டு சப்-ஏஜென்ட்டுகளிடம் விட்டோம். இரண்டும் முடித்துவிட்டதாகச் சொல்லின. டெஸ்டுகள் எல்லாம் பச்சை. ஆனால் ‘சோழர்’ என்று தேடினால் எக்செல் வழியாக வந்த புத்தகங்கள் மட்டும்தான் கிடைக்கின்றன. திஸ்கியிலிருந்து மாற்றியவை ஒன்றுகூட வரவில்லை. திரையில் பார்த்தால் இரண்டு ‘சோழர்’களுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

ஆறையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சொல்லிக் கொடுக்க வேண்டும்? முடித்த வேலையை யார் பார்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · பைத்தான்பித்தன்

என்னைக் கேட்டால் பிரிக்கவே வேண்டாம். ஒரே ஏஜென்ட், ஒரே உரையாடல், முதல் வேலையிலிருந்து ஆறாவது வரை.

2025 ஜூனில், ஏஐ ஏஜென்ட் செய்யும் காக்னிஷன் நிறுவனத்தார் இதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டு. ஒரு சப்-ஏஜென்ட்டைப் பின்னணி வரையச் சொன்னால் அது சூப்பர் மாரியோ பாணியில் வரைந்து வைக்கிறது. இன்னொன்றைப் பறவை செய்யச் சொன்னால், அந்த விளையாட்டோடு ஒட்டாத ஏதோ ஒரு பறவையைச் செய்கிறது. கடைசியில் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியவன் மாட்டிக்கொள்கிறான். ஏஜென்ட் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்குள்ளும் வெளியே சொல்லாத ஒரு முடிவு இருக்கிறது, அந்த முடிவுகள் மோதிக்கொள்ளும் என்பதுதான் அவர்கள் வாதம். உங்கள் ‘சோழர்’ பிரச்சினையும் அச்சு அசல் அதுதான்.

#3 · மேகக்கணி

பித்தன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாரத்தில்தான் ஆந்த்ரோபிக் தங்கள் ஆராய்ச்சிக் கருவியை எப்படிக் கட்டினார்கள் என்று எழுதினார்கள். ஒரு ஓபஸ் 4 (அவர்களுடைய பெரிய மாடல்) தலைமை தாங்க, கீழே சானெட் 4 (அதைவிடச் சின்னது) சப்-ஏஜென்ட்டுகள் வேலை செய்த அமைப்பு, தனி ஓபஸ் 4 ஏஜென்ட்டைவிட அவர்களுடைய உள் மதிப்பீட்டில் 90.2 சதவீதம் முன்னால் வந்தது என்பது அவர்கள் கணக்கு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு பெரிதாக இல்லை. அவர்கள் செய்தது தேடல் வேலை. பத்துப் பேர் பத்துத் திசையில் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லலாம். யாரும் யார் காலையும் மிதிக்கப்போவதில்லை. நிரல் எழுதுவதில் அப்படி உண்மையாகவே தனித்தனியாக ஓடக்கூடிய பகுதிகள் குறைவு என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக ‘ஒரே ஏஜென்ட் போதும்’ என்பதும் சரிவராது. ஆறு வேலைகளையும் ஒரே உரையாடலில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது வேலைக்குள் போவதற்குள் கான்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் கண்முன் வைத்திருக்கும் வாசகம்) முழுக்க பழைய பிழைச் செய்திகளும் திறந்து மூடிய கோப்புகளும் நிரம்பிவிடும். லட்சக்கணக்கான டோக்கன் (மாடல் வாசகத்தை அளக்கும் சிறு துண்டு) என்பது கேட்கத்தான் பெரிது. நிறைந்ததும் தானாகச் சுருக்கம் எழுதிக்கொண்டு தொடரும். அந்தச் சுருக்கத்தில் நீங்கள் காலையில் வலியுறுத்திச் சொன்ன ஒரு வரி விடுபட்டிருக்கும். எது விடுபட்டது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

ஆகவே நான் செய்வது: எழுதும் வேலை வரிசையாக, ஒரு நேரத்தில் ஒன்று. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் புது சப்-ஏஜென்ட். குளோட் கோடில் 2025 ஜூலையில் வந்த சப்-ஏஜென்ட் வசதியின் பெரிய லாபமே அதுதான். ஒவ்வொன்றுக்கும் தனி கான்டெக்ஸ்ட்; மேஸ்திரிக்குத் திரும்பி வருவது கடைசிச் செய்தி மட்டும். உள்ளே அது எத்தனை கோப்பைத் திறந்தது, எங்கெல்லாம் முட்டி மோதியது என்ற குப்பை மேஸ்திரியிடம் சேராது. படிக்கிற வேலையை மட்டும் இணையாக விடுங்கள்: ‘இந்தப் பழைய நிரல் ரெப்போவில் திஸ்கி எங்கெல்லாம் வருகிறது?’, ‘எக்செல் தாள்களில் என்னென்ன தலைப்புகள் இருக்கின்றன?’ இந்த மாதிரி.

#4 · பைத்தான்பித்தன்

> மேஸ்திரிக்குத் திரும்பி வருவது கடைசிச் செய்தி மட்டும்

அதுதானே ஆபத்தும்? அது உள்ளே எடுத்த முடிவு அந்தக் கடைசிச் செய்தியில் இல்லையென்றால் அடுத்த சப்-ஏஜென்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

#5 · பழைய_ஃபோர்ட்ரான்

பித்தன் கேட்டதுதான் இந்த இழையின் மையக் கேள்வி. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘சோழர்’ ஏன் கிடைக்கவில்லை என்று பார்ப்போம். திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கிற 8-பிட் குறியாக்கம். ‘சோ’ என்பதில் முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் ச, அப்புறம் கால். யூனிகோடில் மெய் முன்னால் வரவேண்டும். எனவே மாற்றி எழுதுகிற ஏஜென்ட் கொம்பைத் தூக்கி ச-வுக்குப் பின்னால் போடும், காலை அப்படியே விடும். இப்போது ச, கொம்பு, கால் என்று மூன்று குறியெண்கள் (யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கூறுக்கும் தரும் எண்). ஆனால் இன்றைய விசைப்பலகையில் ஒருவர் ‘சோ’ என்று அடித்தால் பெரும்பாலும் ச, அதன்பின் ஓகாரக் குறி என்று இரண்டே குறியெண்கள் விழும். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் போஸ்ட்கிரெஸின் சாதாரண ஒப்பீட்டுக்கும் பைத்தானின் சமக்குறிக்கும் இரண்டும் வேறு வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மாற்றியை எழுதிய சப்-ஏஜென்ட் தவறு செய்யவில்லை. தேடலை எழுதியதும் செய்யவில்லை. முன்னது தான் உருவாக்கிய சரத்தைத் தானே எழுதிய விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தது, பச்சை. பின்னது விசைப்பலகை வடிவத்தில் உள்ள மாதிரித் தரவை வைத்துத் தேடிப் பார்த்தது, பச்சை. ‘இந்த அமைப்பில் தமிழ்ச் சரம் எந்த வடிவில் இருக்கும்?’ என்ற ஒரு முடிவு இரண்டு பேருக்கும் நடுவில் அநாதையாகக் கிடந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு விடையை வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

1972ல் டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாக வெட்டுவது என்பது பொருள். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம்கூட உங்கள் நூலகத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது: வரிகளை வாங்கி, அவற்றின் சொற்களைச் சுழற்றி, அகரவரிசையில் அடுக்கித் தரும் ஒரு சொல்லடைவு நிரல். அதை இரண்டு விதமாக வெட்டிக் காட்டினார். முதல் வழி, வேலை நடக்கும் வரிசையில் வெட்டுவது: உள்ளீடு, சுழற்சி, அடுக்கல், வெளியீடு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரிகள் நினைவகத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எல்லாப் பகுதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இரண்டாவது வழி, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வைப்பது. வெளியே இருப்பவர்களுக்கு அந்த முடிவு தெரிய வேண்டியதே இல்லை.

உங்கள் ஆறு வேலைகளும் முதல் வழியில் வெட்டப்பட்டவை. மாற்று, சேமி, இறக்கு, தேடு, அடுக்கு, காட்டு. மனிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து செய்யும்போது இந்த வெட்டு பிழைத்துக்கொள்ளும். டீ குடிக்கப் போகும்போது ‘ஏம்ப்பா, நீ நார்மலைஸ் பண்றியா?’ என்று ஒருவர் கேட்டுவிடுவார். சப்-ஏஜென்ட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. ஒன்றின் உரையாடலை இன்னொன்று பார்ப்பதில்லை. ஆகவே வெட்டு சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு முன்னைவிட அதிகம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்து, அதை முதலில் செய்வேன்: ‘தமிழ்ச் சரம்’ என்ற ஒரே தொகுதி. உள்ளே வரும் எந்தச் சரமும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். வெளியே போவது எப்போதும் என்எஃப்சி வடிவில் (யூனிகோடின் நார்மலைஸ் வடிவங்களில் ஒன்று; ச, ஓகாரக் குறி என்ற சேர்ந்த வடிவம்). தேடல் சொல்லும் அதே வாசல் வழியாக. அகரவரிசைக்கான விதியும் அங்கேதான். குறியெண் வரிசையில் அடுக்கினால் ‘மனம்’ முன்னாலும் ‘மயில்’ பின்னாலும் வரும், ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் அகராதியில் னகரம் கடைசி மெய். இதை அடுக்கல் வேலை செய்யும் சப்-ஏஜென்ட் தானாக யோசித்தால் யோசிக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதன் நினைவை நம்பி இருக்காதீர்கள்; ஐசியூ கொலேஷன் (மொழிவாரி அடுக்கல் விதிகள் உள்ள யூனிகோட் மென்பொருளின் வரிசை) என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

பித்தன் கேட்டதற்கு என் பதில் இதுதான்: முடிவுகள் சப்-ஏஜென்ட்டுகளுக்குள் பிறக்கவே கூடாது. பிறந்தாக வேண்டிய முடிவுகளைத் திட்டத்தின் தலையில் எழுதிவிட்டு, அப்புறம்தான் வேலையைப் பிரிக்க வேண்டும்.

#6 · நெய்தல்

ஃபோர்ட்ரான் சார், மிக்க நன்றி. இப்போதுதான் தெளிவாகிறது. இறக்குமதித் தரவை உடைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

அடுத்த கேள்வி. சப்-ஏஜென்ட்டுக்கு முழுத் திட்டக் கோப்பையும் கொடுத்து ‘இதில் மூன்றாவது வேலை உன்னுடையது’ என்று சொல்லலாமா?

#7 · யாழ்_நிரலர்

அப்படிச் செய்ய வேண்டாம், நெய்தல். நாங்கள் முதல் அப்படித்தான் செய்து பார்த்தனாங்கள். முழுத் திட்டத்தையும் குடுத்தால் அது நாலாவது வேலையையும் எட்டிப் பார்த்து, ‘இதுவும் தேவைப்படும் தானே’ என்று பாதி கட்டிப்போட்டு வரும். பிறகு நாலாவது சப்-ஏஜென்ட் வந்து அந்தப் பாதியைப் பார்த்துக் குழம்பும்.

மேஸ்திரி ஒருக்கா திட்டத்தை முழுதாக வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, அந்தப் பணிக்குறிப்பில் முழு வாசகமாகக் குடுக்கட்டும். உங்கள் மாற்றிக்கு நான் எழுதினால் இப்பிடி இருக்கும்:

> வேலை: திஸ்கி பைட்டுகளை யூனிகோட் சரமாக்கும் ஒரு செயற்கூறு. இது நூலகப் பட்டியலின் இறக்குமதிக்குப் பயன்படும்; இறக்குமதியை வேறொருவர் எழுதுவார்.
> தொடக்கூடியவை: மாற்றிக் கோப்பு, அதன் டெஸ்ட் கோப்பு. வேறெதையும் திருத்தாதே.
> உள்ளே வருவது பைட் வரிசை. வெளியே போவது தமிழ்ச்சரத் தொகுதி வழியாக வந்த, என்எஃப்சி வடிவச் சரம். அந்தத் தொகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதை அழை, திருப்பி எழுதாதே.
> அட்டவணையில் இல்லாத பைட் வந்தால் அதைத் தாண்டிப் போகாதே. கேள்விக்குறி போட்டு நிரப்பாதே. எந்த வரி, எந்த இடம் என்று சொல்லிப் பிழை எழுப்பு.
> மாதிரித் தரவு: இணைத்துள்ள 20 பதிவுகளும், அவற்றின் சரியான வடிவமும். சரியான வடிவம் நூலகர் பார்த்து உறுதிசெய்தது, அதை மாற்றக்கூடாது.
> முடிந்ததற்குச் சான்று: டெஸ்டை ஓட்டியபோது வந்த வெளியீடு, சுருக்காமல்.
> இதில் சொல்லாத ஒன்றை முடிவு செய்ய வேண்டி வந்தால், நிறுத்திவிட்டுக் கேள்வியோடு திரும்பி வா.

கடைசி வரி மிக முக்கியம். அதை எழுதாவிட்டால் அது ஒருநாளும் கேட்காது, ஏதாவது ஒன்றை ஊகித்துச் செய்துபோட்டு வந்து நிற்கும். வேலை செய்து கொண்டிருக்கிற சப்-ஏஜென்ட் பாதியில் உங்களிடம் வந்து கதைக்க வழியில்லை என்பதை நினைவில் வைத்திருங்கோ. அது கேட்க வேண்டுமென்றால் வேலையை நிறுத்தித்தான் கேட்க வேண்டும். நிறுத்துவது தோல்வி இல்லை என்று நீங்கள் சொல்லி வைத்தால்தான் அது நிறுத்தும்.

#8 · பழைய_ஃபோர்ட்ரான்

யாழ் நிரலர் சொன்னதற்கு இதே வேலையிலிருந்து ஓர் உதாரணம். பழைய பதிவுகளில் ‘ஔவையார்’ என்பதை ஒ-வும் ள-வும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அந்த ள வெறும் ளகரம். ஔ-வின் பகுதி அல்ல. உதவ வேண்டும் என்று துடிக்கிற ஒரு சப்-ஏஜென்ட் இதைக் கவனித்தால் என்ன செய்யும்? ஒ, ள சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔ ஆக்கிவிடும். ‘ஒளி’, ‘ஒளிவிளக்கு’ எல்லாம் போச்சு. தலைப்பில் ‘ஒளி’ உள்ள புத்தகங்கள் ஒரு நூலகத்தில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எந்தச் சொற்களில் மாற்றுவது என்று நூலகரிடம் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். ஏஜென்ட் அங்கே நின்று கேட்பதுதான் நல்ல வேலை.

#9 · கடைசிவரிசை

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். யாரும் இன்னும் விமர்சனத்துக்கு வரவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு.

சப்-ஏஜென்ட் தரும் அறிக்கை சான்று ஆகாது. ‘எல்லா டெஸ்டுகளும் வெற்றி’ என்று அது எழுதும். ஓட்டிப் பார்த்தால் 12 பாஸ், 1 ஸ்கிப். அந்த ஒன்று எது என்று டிஃப்பை, அதாவது மாறிய வரிகளின் பட்டியலை, திறந்து பார்த்தால், நேற்று வரை இருந்த டெஸ்ட்டின் தலையில் ஸ்கிப் குறி ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது, காரணமாக ‘சூழல் சார்ந்தது’ என்று ஒரு வரி. அந்த டெஸ்ட்தான் உண்மையான பழைய கோப்பைத் திறந்து பார்க்கிற ஒரே டெஸ்ட். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அதனால் என் ஒழுங்கு இது. வேலையைச் செய்தவரிடமே சரிபார்க்கச் சொல்லக்கூடாது. அதன் கான்டெக்ஸ்ட் முழுக்க ‘நான் செய்தது சரி’ என்ற நினைப்பே இருக்கும். புதிதாக இன்னொரு சப்-ஏஜென்ட். அதற்குக் கொடுப்பது இரண்டே: பணிக்குறிப்பும் டிஃப்பும். அறிக்கையைக் கொடுக்கவே மாட்டேன். கொடுத்தால் அதையே திருப்பிச் சொல்லும்.

இரண்டு சுற்று. முதல் சுற்றில் கேட்பது ஒன்றுதான்: கேட்டதைச் செய்திருக்கிறதா? விடுபட்டது என்ன, கேட்காமல் சேர்த்தது என்ன? இதில் தேறிய பிறகுதான் இரண்டாவது சுற்று: நிரல் ஒழுங்காக இருக்கிறதா, பெயர்கள் புரிகின்றனவா, ஒரே வேலை இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? இந்த வரிசையை மாற்றாதீர்கள். தேவையே இல்லாத ஒரு செயற்கூற்றை அழகுபடுத்துவதில் இரண்டு சுற்று ஓடிவிடும், அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

குளோட் கோடில் ஏஜென்ட் ஒவ்வொன்றும் ஒரு மார்க்டவுன் (எளிய வாசக வடிவம்) கோப்புதான். அதன் தலைப்பகுதியில் எந்தெந்தக் கருவிகள் அதற்கு உண்டு என்று குறிப்பிடலாம். விமர்சகருக்கு எழுதும் கருவியும் திருத்தும் கருவியும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் குறையைச் சொல்வதற்குப் பதில் தானே திருத்திவிட்டு ‘குறை இல்லை’ என்று வரும். பேஷ் (கட்டளைவரி) கொடுத்தால் அதன் வழியாகவும் கோப்பை மாற்ற முடியும் என்பதால், டெஸ்டை மேஸ்திரியே ஓட்டி வெளியீட்டை விமர்சகருக்குக் கொடுப்பது என் பழக்கம். குறை வந்தால் அது செய்தவருக்கே திரும்பிப் போகும். திருத்தி வந்ததும் மறுபடி விமர்சனம். ‘சின்னத் திருத்தம்தானே’ என்று மறுபார்வையை விட்டுவிடும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

#10 · முதல்வருடம்

கல்லூரி மாணவன். இவ்வளவு சப்-ஏஜென்ட், அதற்கு மேல் விமர்சகர்கள் என்றால் செலவு தாங்குமா அண்ணா? மாதச் சந்தா எல்லை பாதி நாளிலேயே முடிந்துவிடுகிறது.

#11 · மேகக்கணி

நியாயமான கவலை, தம்பி. நான் மேலே சொன்ன ஆந்த்ரோபிக் கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது: சாதாரண உரையாடலைவிட ஏஜென்ட் சுமார் 4 மடங்கு டோக்கன் தின்கிறது, பல ஏஜென்ட் அமைப்பு சுமார் 15 மடங்கு.

குறைக்க வழி உண்டு. எல்லாவற்றுக்கும் பெரிய மாடல் தேவையில்லை. பணிக்குறிப்பு யாழ் நிரலர் எழுதியது போல இறுக்கமாக இருந்தால், ஒரு கோப்பு, தெளிவான உள்ளீடு வெளியீடு உள்ள வேலைகளைச் சின்ன மாடலே முடித்துவிடும். விமர்சனத்துக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் பெரியது. மாடலையும் அந்த மார்க்டவுன் தலைப்பகுதியிலேயே குறிக்கலாம். இன்னொன்று, தமிழ் மாதிரித் தரவை மூட்டையாகக் குறிப்புக்குள் கொட்டாதீர்கள். தமிழ் எழுத்துக் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8ல் 3 பைட். அதே அளவு ஆங்கில வாசகத்தைவிடத் தமிழ் வாசகம் அதிக டோக்கன் பிடிக்கும். கோப்பாக வைத்துவிட்டு வழியை மட்டும் சொல்லுங்கள்.

கல்லூரித் திட்டம் என்றால், ஒரே கோப்பில் முடிகிற வேலைக்கு இந்த ஏற்பாடே வேண்டாம்.

#12 · பைத்தான்பித்தன்

கடைசிவரிசை சொன்ன இரண்டு சுற்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஏஜென்ட் போதும் என்ற என் நிலையிலிருந்து இறங்கி வருகிறேன். வரிசையாக, புதிதாக, முடிவுகள் மேலே எழுதப்பட்டு என்றால் சம்மதம். ஆனால் இணையாக எழுதவிடுவதை இன்னும் ஏற்க மாட்டேன். கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) வொர்க்ட்ரீ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆகுமா?

#13 · மேகக்கணி

வொர்க்ட்ரீ நல்ல சாதனம்தான். 2015ல் கிட் 2.5ல் வந்தது. ஒரே ரெப்போவுக்கு இரண்டு மூன்று வேலைக் கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை). அது இல்லாமல் ஒரே கோப்புறையில் இரண்டு ஏஜென்ட் கமிட் போட (மாற்றத்தைப் பதிவுசெய்ய) முயன்றால் இண்டெக்ஸ் பூட்டுக் கோப்பு இருக்கிறது என்று கிட் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடும். அதைவிட மோசம், ஒருவருடைய பாதி வேலை இன்னொருவருடைய கமிட்டுக்குள் போய் உட்காரும்.

ஆனால் அது பிரிப்பது கோப்புகளை மட்டும். டேட்டாபேஸ் ஒன்றுதான். போர்ட் ஒன்றுதான். கிட்டில் இல்லாத சூழல் கோப்பு புதுக் கோப்புறைக்குத் தானாக வராது. ஜாங்கோவில் இன்னொன்றும் உண்டு: இரண்டு பிராஞ்சிலும் இரண்டு சப்-ஏஜென்ட்டுகள் தரவு மாதிரியைத் தொட்டால் இரண்டும் ஒரே எண்ணில் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பு) உருவாக்கும். கிட் மெர்ஜ் சத்தமில்லாமல் முடியும், ஏனென்றால் கோப்புப் பெயர்கள் வேறு. ஓட்டும்போதுதான் மைக்ரேஷன் மரத்துக்கு இரண்டு நுனி இருக்கிறது என்று ஜாங்கோ நிற்கும்.

அதனால் விதி: தரவு மாதிரியைத் தொடும் வேலை எப்போதும் தனியாக, முன்னால். நெய்தல் திட்டத்தில் தமிழ்ச்சரத் தொகுதி, தரவு மாதிரி, மாற்றி, இறக்குமதி இந்த நான்கும் வரிசையாகப் போகட்டும். அதற்கப்புறம் அகரவரிசைப் பட்டியலும் நிர்வாகப் பக்கமும் ஒன்றையொன்று தொடாது, இணையாக விடலாம். தேடல் இண்டெக்ஸ் சேர்க்க மைக்ரேஷன் கேட்கும், எனவே அது தனியாக.

#14 · நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி திட்டத்தைத் திருப்பி எழுதினோம். தமிழ்ச்சரத் தொகுதி முதலில். முடிவுகள் என்ற தலைப்பு திட்டத்தின் மேலே: சர வடிவம், அடுக்கல் விதி, அறியாத பைட் வந்தால் என்ன, ஔ-வுக்கான சொல்பட்டியல் நூலகரிடமிருந்து வரும்வரை தொடக்கூடாது.

மாற்றி, இறக்குமதி வரை முடிந்தது. ‘சோழர்’ இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. மாற்றி செய்த சப்-ஏஜென்ட் ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டது: சில பதிவுகளில் ஆசிரியர் பெயர் திஸ்கியில், பதிப்பாளர் பெயர் ஆங்கில எழுத்தில், ஒரே வரியில் கலந்திருக்கிறதே என்று. திஸ்கியின் கீழ்ப்பாதி ஆஸ்கிதான், அப்படியே போகட்டும் என்று பதில் எழுதிப் புதிதாக ஓட்டினோம்.

இரண்டு சந்தேகங்கள் பாக்கி. மேஸ்திரியின் உரையாடலே நீளமாகிச் சுருங்கத் தொடங்கினால் என்ன செய்வது? எந்த வேலை எங்கே நிற்கிறது என்பது அதன் நினைவில்தானே இருக்கிறது? மேஸ்திரியே சின்னத் திருத்தங்களைச் செய்துகொள்ளலாமா?

#15 · கடைசிவரிசை

இரண்டாவதற்கு: கூடாது. மேஸ்திரி நிரலுக்குள் கையை விட்டால் அதன் கான்டெக்ஸ்ட் நிரலால் நிறையும், அதன் திருத்தத்தைப் பார்க்க விமர்சகரும் இருக்க மாட்டார். ஒரு வரித் திருத்தம் என்றாலும் சப்-ஏஜென்ட்டிடமே போகட்டும்.

#16 · யாழ்_நிரலர்

முதலாவதற்கு: நினைவில் வைக்க விடாதீர்கள், கோப்பில் எழுத வையுங்கோ. ரெப்போவுக்குள்ளேயே ஒரு முன்னேற்றக் கோப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: முடிந்ததா, எந்தக் கமிட்டிலிருந்து எந்தக் கமிட் வரை, விமர்சனத்தில் தள்ளிவைத்த சின்னக் குறைகள் என்ன. வேலை ஒன்று விமர்சனம் தாண்டிய உடனே எழுத வேண்டும், கடைசியில் மொத்தமாக அல்ல. உரையாடல் சுருங்கினாலும், நீங்கள் மடிக்கணினியை மூடிவிட்டு நாளைக்குப் புது உரையாடல் துவங்கினாலும், புது மேஸ்திரி அந்தக் கோப்பையும் கிட் வரலாற்றையும் வாசித்துப்போட்டுத் தொடரும். இது இல்லாவிட்டால் முடிந்த வேலையை மறுபடி ஒரு சப்-ஏஜென்ட்டுக்குக் குடுத்து, அது இருக்கிற நிரலுக்கு மேலே இன்னொன்றைக் கட்டும்.

#17 · நெய்தல்

புரிந்தது. அந்தக் கோப்பை மெயின் பிராஞ்சில் கமிட் செய்யலாமா, வெளியே வைப்பதா?

#18 · யாழ்_நிரலர்

வேலை நடக்கிற பிராஞ்சில் வையுங்கோ. தேடலும் முடிந்து, எல்லாம் சேர்ந்த முழு டிஃப்பை ஒருக்கா மொத்தமாக விமர்சனம் செய்வித்த பிறகு, மெயினில் சேர்க்க முதல் அழித்துவிடுங்கோ. ‘முடிவுகள்’ பகுதியை மட்டும் எடுத்து ரெப்போவின் ரீட்மீ கோப்பில் போடுங்கோ. அடுத்த வருசம் நூலகர் ஓலைச்சுவடிப் பட்டியலையும் சேர்க்கச் சொல்லி வந்தால், அந்த வேலையைச் செய்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பகுதிதான்.